றம்லத்தின் நகங்கள்

"நகமெல்லாம் நல்ல துப்புரவா இருந்தது. ஆர் கிளீன் பண்ணினது?" என்று டொக்டர் கேட்டபோது பஸீஹா மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டியில், சட்ட வைத்திய அதிகாரியின் அறை. யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர். நிதானமாகத்தான் கேட்டார்.

அலவத்துகொடையில் இறந்துபோன பெண்களின் மையத்துகளைக் குளிப்பாட்டுகிறவள் பஸீஹா. தங்கை றம்லத்தையும் அவள்தான் குளிப்பாட்டினாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக றம்லத்தின் கணவன் ஹபீல் சொன்னான். யாரும் கேள்வி கேட்கவில்லை. அன்றே அஸர் தொழுகைக்கு முன் அடக்கம் முடிந்தது. கழுத்தோரம் நீலமாக ஒரு தடம் இருந்ததை பஸீஹா மட்டும் கண்டாள். மையத்தில் கண்ட குறையை வெளியே சொல்லக்கூடாது என்று பழகிய வாய், பத்து நாள் மூடியே கிடந்தது. பிறகுதான் பொலிசுக்குப் போனாள். நீதவான் உத்தரவில் கபுறைத் தோண்டி உடலை எடுத்தார்கள்.

"விழுந்ததா, ஆரும் நெரிச்சதா எண்டு உடம்பில இப்ப தெரியாது. பழுதாப் போச்சு," என்றார் டொக்டர். "போராடியிருந்தா நகத்துக்குள்ள மற்ற ஆளின்ர தோல் இருந்திருக்கும். அதைத்தான் நம்பியிருந்தன். ஆய்வுகூட அறிக்கையில ஒண்டும் இல்லை."

குளிப்பாட்டியபோது றம்லத்தின் வலது கையில் மூன்று நகங்களுக்குள் கருஞ்சிவப்பாக ஏதோ இருந்தது. மீன் ஆய்ந்திருப்பாள் என்று நினைத்தாள் பஸீஹா. தென்னை ஈர்க்கின் நுனியை மழுக்கி, ஒவ்வொரு நகத்துக்குள்ளிருந்தும் அதைத் தோண்டி எடுத்தாள். "ஒங்கட கையில மௌத்தாகவே கூடாது, தோல உரிச்சிருவீங்க" என்று றம்லத் கேலி செய்வாள். தங்கை என்பதால் அன்று இன்னும் கவனமாகச் செய்தாள். அடுப்பில் உலை வைத்துவிட்டு வரும் அவசரக்காரி ஒருத்தி குளிப்பாட்டியிருந்தால், அவளுடைய அலட்சியம் றம்லத்துக்கு உதவியிருக்கும்.

"நான்தான் எடுத்தது, டொக்டர். ஈர்க்கால."

"அந்த ஈர்க்கு?"

"குளிப்பாட்டின பஞ்சோட சேத்து எரிச்சிட்டோம்."

டொக்டர் இரண்டு வரி எழுதி, பேனையை மூடினார். "நீங்கள் சொன்னதை எழுதியிருக்கிறன். வழக்கு வந்தா, கோட்டில அது உங்கட வாய்ச்சொல் மட்டும்தான்."

வெளியே, வாக்குமூலம் கொடுக்க வந்திருந்த ஹபீல் முற்றத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். சட்டைக் கை முழங்கைக்கு மேல் ஏறியிருந்தது. பஸீஹா கிட்டப் போய் நின்று பார்த்தாள். றம்லத் மௌத்தாகி மூன்று மாதம் போய்விட்டது. மயிர் படர்ந்த, ஒரு கீறலும் இல்லாத தோல்.

"என்ன மைனி, அப்பிடிப் பாக்கிறீங்க?"

அவன் ஈரக் கைகள் இரண்டையும் வெயிலுக்கு நீட்டி, திருப்பித் திருப்பிக் காயவைத்தான்.