நாற்பத்தோராவது துடிப்பு

நான்கு நாளாகக் குச்சி படியேறும்போது பாதியில் நின்றுவிடுகிறாள். பேருக்கேற்ற ஒல்லியான பதினாறு வயதுக்காரி, மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாண்டுகிறவள், இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கிழவி மாதிரி ஏறுகிறாள். அம்மா கேட்டதற்கு, "ஷூ கடிக்குதும்மா" என்றாள். காலில் இருந்தது செருப்பு.

விஷயம் வேறு. செவ்வாய்க்கிழமை வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுத் தேடப் போனவள் கண்ணில் 'குச்சி இதயம்' என்ற ஃபைல் பட்டது. போட்டுக் கேட்டாள். லப்டப், லப்டப் என்று நாற்பது துடிப்பு ஒழுங்காக வந்தது. நாற்பத்தொன்று வரவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி லப்டப். எட்டு தடவை கேட்டாள். எட்டு தடவையும் அதே இடத்தில் அவள் நெஞ்சு நின்று, யோசித்து, பிறகு கிளம்பியது. அன்றிலிருந்து மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்க்கிறாள். முப்பதைத் தாண்டினாலே பயத்தில் எண்ணிக்கை குழம்பிவிடுகிறது.

அந்த ஃபைல் அவளுடைய அக்காவின் வேலை. அக்கா வீடியோ கேம்களுக்குச் சத்தம் பிடிக்கிறவள். புது கேமில், சுரங்கத்துக்குள் பேய்க்குப் பயந்து ஓடும் ஒரு பெண்ணின் நெஞ்சுத் துடிப்பு தேவைப்பட்டது. முதலில் பெரிய மைக்கை ஸ்டாண்டில் மாட்டித் தங்கையின் நெஞ்சுக்கு நேரே வைத்தாள். சட்டை உரசலும் மூச்சும்தான் விழுந்தன. அடுத்து, அதிர்வை மட்டும் பிடிக்கிற, காசு அகலமே உள்ள மைக்கை விலாவில் டேப் போட்டு ஒட்டினாள். மாடியில் யாரோ மூட்டை இறக்குவது போலக் கேட்டது. கடைசியில் ஸ்டெதாஸ்கோப் குழாயை வெட்டி, சட்டைக் காலரில் குத்துகிற குட்டி மைக்கை உள்ளே செருகினாள். அதுதான் வாகாக அமைந்தது. "உடம்புல சதைன்னு ஒண்ணு இருந்தாதானே தடுக்கும்!" என்று தங்கையை மெச்சிக்கொண்டாள். ஹெட்ஃபோன் அக்காவின் காதில் இருந்ததால், அன்று குச்சிக்கு எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை இரவு ஒரு மணி. தெரு அடங்கிய பிறகுதான் அக்காவுக்கு வேலை ஓடும். சாமான் அறையில் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். குச்சி வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்டி பேய் மாதிரி நிக்கிற? உள்ள வா."

"ஒண்ணு சொல்வேன். அம்மாகிட்ட போட்டுக் குடுக்கக் கூடாது."

"யாருடி அவன்?"

"அய்யோ, அதில்லக்கா. எனக்கு நெஞ்சு நின்னு நின்னு அடிக்குது. நான் செத்துப் போயிடுவேன்னு நினைக்கிறேன்."

அக்கா சிரிக்க வாயெடுத்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. குச்சி எல்லாவற்றையும் கொட்டினாள். நாற்பத்தொன்று என்ற எண்ணைக் கேட்டதும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, அது நான் வெட்டினதுடி! பேய் கிட்ட வர்றப்ப ஒரு துடிப்பு தவறினா நல்லா இருக்குமேன்னு நான்தான் எடுத்தேன்."

"சும்மா சொல்ற. என்னை சமாதானப்படுத்த."

"அசலையே போட்டுக் காட்டறேன், இரு."

தேடினாள். இன்னொரு தடவை தேடினாள். அவளுடைய திரையின் ஓரத்தில், அவள் கையெழுத்திலேயே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'அசல் மேல் சேவ் பண்ணாதே.' அதைத்தான் பண்ணியிருந்தாள்.

"போச்சா?" என்றாள் குச்சி.

"போச்சு. ஆனா நான் வெட்டினது அது ஒண்ணுதான். மத்தபடி..." மத்தபடி எல்லாம் சரியாக இருந்ததா? அன்றைக்கு அவள் கேட்டது சத்தத்தின் தரத்தைத்தான். தங்கையின் உடம்பை அல்ல.

"மத்தபடி என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. இப்பவே திரும்பப் பிடிப்போம். ஹெட்ஃபோனை நீயே மாட்டிக்கோ."

சமையலறை ஃபிரிட்ஜின் முனகல் சுவர் வழியாக வந்தது. அக்கா தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டு, ஸ்விட்சை அணைத்தாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள். வெளியே கிளம்பும்போது சாவி தேடினால், ஃபிரிட்ஜைத் திரும்பப் போட வேண்டும் என்பது ஞாபகம் வரும்.

குச்சி ஸ்டெதாஸ்கோப் வில்லையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். காதுக்குள் அவளுடைய இதயம் துரத்தப்பட்ட மாதிரி ஓடியது. அக்கா திரையில் எழும்பும் மேடுகளைப் பார்த்து உதட்டுக்குள் எண்ணினாள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. குச்சி அவளுடைய முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். நாற்பது.

நாற்பத்தொன்று வந்தது.

"இன்னும் எண்ணு," என்றாள் குச்சி. நூறு ஆயிற்று. "இன்னும்." இருநூறிலும் ஓட்டை இல்லை.

"போதுமாடி தாயே?"

"முதல்ல வேற பேர்ல சேவ் பண்ணு."

அக்கா 'குச்சி இதயம், கை வைக்காதே' என்று தட்டினாள். குச்சி ஸ்டெதாஸ்கோப் வில்லையைக் கழற்றி அக்காவின் நெஞ்சில் வைத்தாள். கேட்டவள் திகைத்துப் போனாள்.

"உனக்கு என்னைவிட வேகமா அடிக்குதேக்கா!"

"வாயை மூடிட்டுப் போய்ப் படு."

காலையில் அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து, "பாலெல்லாம் கெட்டுப் போச்சு! யாருடி அணைச்சது? வண்டிச் சாவி இங்க என்ன பண்ணுது?" என்று கத்தியபோது, குச்சி இரண்டிரண்டு படியாகக் கீழே தாவிக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மட்டும் ஒரு நொடி நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஓடினாள்.