பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லையா

ஆபீசில் அவளுக்கு அரைப்புள்ளி என்று பெயர். வரி முடிவில் அரைப்புள்ளி வைக்க மறந்த எந்தப் புரோகிராமரையும் அவள் சும்மா விட்டதில்லை. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

இரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனி அது. பெயர் இங்கே, சர்க்கரை அளவு அங்கே என்று இடம் விட்டு எழுதிய மாதிரித் தாளை நிரப்பி ரிப்போர்ட்டாக்கித் தர, டெம்ப்ளேட் லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றை நம்பியிருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டுவைத்தது. அது எழுதப்பட்ட கம்ப்யூட்டர் மொழிக்கு வயதாகிவிட்டதால், புது மொழியில் மாற்றி எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது. மேனேஜரைப் பொறுத்தவரை அது வெறும் மொழிபெயர்ப்பு. அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள்.

லைப்ரரியோடு சோதனைகளும் வந்திருந்தன. இதைக் கொடுத்தால் இதுதான் வர வேண்டும் என்று ஒவ்வொன்றும் சரிபார்க்கும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. மூக்கால் அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் பச்சையாக்கிவந்தாள். கடைசியில் யானை போய் வால் சிக்கின கதையாக, பூஜ்யத்தில் வந்து மாட்டிக்கொண்டாள்.

"இந்த இடத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால், பூஜ்யம் இருந்தாலும் பழைய மொழி "ஒன்றுமில்லை" என்றது. புது மொழியோ, "இருக்கிறதே, பூஜ்யம் இருக்கிறது" என்றது. புது மொழி சொல்வதுதான் நியாயமாகப் பட்டது அவளுக்கு. குளிர்ப்பெட்டியில் வெப்பநிலை பூஜ்யம் என்றால், வெப்பநிலையே இல்லை என்றா அர்த்தம்? ஆனால் பழைய மொழியின் பதிலையே எதிர்பார்த்த சோதனைகள் சிவப்பிலேயே நின்றன. லைப்ரரியை எழுதியவருக்கே பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். நெடுநாள் கழித்து வந்த பதில் இரண்டே வரி. அவள் சொல்வது சரி, அது தன்னுடைய தவறுதான் என்றது முதல் வரி. தயவுசெய்து மாற்ற வேண்டாம், அதை நம்பிப் பலர் எழுதிவிட்டார்கள் என்றது இரண்டாவது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவனிடம் கொட்டினாள்.

"தப்புன்னு அவருக்கே தெரியுது. தெரிஞ்சும் அதே தப்ப நான் திரும்ப எழுதணுமாம்."

"எழுதிட்டுப் போயேன். உனக்கென்ன வந்தது?" என்றான் அவன், காலரை நீவியபடி.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் லைப்ரரியை விட்டுவிட்டுச் சோதனைகளைத் திருத்தினாள். பூஜ்யமும் ஒரு பொருள்தான் என்று அவற்றையே சொல்லவைத்தாள். எல்லாம் பச்சை. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். அவள் வீட்டுக்குப் பின்தெருவில் இருந்த சின்னப் பரிசோதனைக் கூடத்தில் வெள்ளோட்டம் விட்டார்கள்.

அந்த வாரமே வழக்கமான இரத்தப் பரிசோதனைக்கு அங்கே போனார் மாமனார். அவள் வீடு திரும்பியபோது மனிதர் நாற்காலியில் சரிந்து, மூத்த மகளைப் போனில் கூப்பிட்டு, வீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணவன் ரிப்போர்ட்டை நீட்டினான். எல்லா அளவுகளும் கச்சிதமாக இருந்தன. அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: "கண்டறியப்பட்ட குறைகள்: 0. உடனடியாக மருத்துவரைப் பார்க்கவும்."

குறை எண்ணிக்கை ஏதாவது இருந்தால் மட்டும் இந்த வரியை அச்சிடு என்று மாதிரித் தாளில் யாரோ எப்போதோ எழுதிவைத்திருக்கிறார்கள். பூஜ்யத்தையும் 'ஏதாவது' ஆக்கியவள் அவள்தான். பின்தெருவில் அன்று இரத்தம் கொடுத்த அத்தனை பேர் கையிலும் இதே தாள்.

"மாமா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. இது என் புரோகிராம்ல வந்த தப்பு."

"ஏம்மா, பூஜ்யம்னா ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்? அது உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

குளிர்ப்பெட்டி உதாரணம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு மேனேஜரைப் போனில் பிடித்தாள். சோதனைகளைத் திருத்தியதை மறைக்காமல் சொன்னாள். ரிப்போர்ட் வாங்கிய ஒவ்வொருவரையும் அவளே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றார். சொன்னாள். ஒரு அம்மாள் அழுதார். ஒருவர் இவளுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினார். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

பிறகு உட்கார்ந்து, பூஜ்யம் ஒன்றுமில்லை என்ற அந்தப் பழைய தப்பைத் தன் கையாலேயே எழுதினாள். புது மொழிக்கு இயல்பாக வராததை வலிந்து புகுத்த வேண்டியிருந்ததால், அசலைவிட அசிங்கமாக வந்தது. பழைய சோதனைகளைத் திரும்பப் போட்டு ஓட்டினாள். பச்சை. சந்தோஷம் துளிகூட வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பிவைத்தாள்.

பரிசோதனைக் கூடம் திருத்திய ரிப்போர்ட்டைக் கொடுத்தது. அடிவரி இல்லை. மாமனார் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்ணு உடனே டாக்டரப் பாருங்கது. இன்னொண்ணு வாயே திறக்கல. எதம்மா நம்பறது?"

"ரெண்டாவதுதான் சரி மாமா."

"ரெண்டையும் நீதானே எழுதின?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, வேறொரு பரிசோதனைக் கூடத்தில் இன்னொரு தரம் இரத்தம் கொடுக்கக் கிளம்பினார்.