வாய் மூடிய முகம்

ஜனெல் போன பிறகு, தன் வீட்டில் மியூசியம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று டோர்கஸ் சொல்லிவிட்டாள். அவள் புருஷன் ஹெட்லியும் எடுக்கவில்லை. பொதுவாகவே அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்குள் அடுப்பில் வைத்த கெட்டில் கொதித்துவிடும்.

ஆனால் அந்தக் கரையில் மியூசியத்தைத் தவிர்த்து எங்கே போவது? காட் மீன் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்ட பிறகு, ராவன் கோவ் என்ற அவர்கள் ஊரிலிருந்து வடக்கே போகும் சாலையில் ஒவ்வொரு படகுத்துறைக்கும் ஒரு மியூசியம் முளைத்திருந்தது. ஒரு ஊரில் நர்ஸம்மாவின் பழைய வீடு, அடுத்த ஊரில் கலங்கரை விளக்கம், அதற்கடுத்த லாங் டிக்கிளில் கருவாடு போட்ட கொட்டகை. கோடையில் பனிமலை மிதந்து வருவதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். காற்று அடித்துத் தள்ளும்போது இந்தக் கதவுகளுக்குள் நுழைந்து, போகும்போது சதுப்பில் பறித்த பேக்ஆப்பிள் பழ ஜாம் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போவார்கள். அத்தனை மியூசியத்துக்கும் பொம்மை செய்தது, படம் மாட்டியது, அட்டை எழுதியது எல்லாம் ஜனெல்தான். டோர்கஸின் ஒரே பிள்ளை.

நவம்பர் மாதம் ஒரு சாயங்காலம் லாங் டிக்கிளில் மியூசியம் கமிட்டிக் கூட்டம் முடிந்து ஜனெல் காரில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். பனிமூட்டத்தில் மூஸ் மான் ஒன்று சாலையில் ஏறியது. குதிரையைவிட உயரமான மிருகம் அது. கார் அதன் காலை அடிக்க, உடம்பு முழுவதும் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனது ஹெட்லி மட்டும்தான். போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் சவப்பெட்டியை மூடியே வைக்கச் சொல்லிவிட்டான். "நான் பெத்தவ, ஒரு தடவை பார்க்கிறேன்யா," என்று டோர்கஸ் கெஞ்சினாள். அவன் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினான். மூடிய பெட்டியைத்தான் கோயிலுக்குக் கொண்டு போனார்கள், மூடிய பெட்டியைத்தான் குழிக்குள் இறக்கினார்கள். அதை அவள் மன்னிக்கவே இல்லை. அவனுக்குச் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், ஒரே கட்டிலில் படுத்தாள். மன்னிக்க மட்டும் இல்லை.

மூன்றாவது கோடையில் ஒரு நாள் கடையில் வெரோனாவைப் பார்த்தாள். லாங் டிக்கிள் மியூசியத்தைத் திறந்து மூடுகிறவள் அவள். வாயாடி, ஆனால் சூதுவாது தெரியாதவள்.

"மாமாவுக்கு இருமல் எப்படி இருக்கு அத்தை? செவ்வாய்க்கிழமை வந்தப்ப இருமிக்கிட்டே இருந்தாரே," என்றாள்.

"எங்க வந்தப்ப?"

"எங்க மியூசியத்துக்குத்தான். வாராவாரம் வர்றதுதானே. நான் டீ போட்டுக் குடுத்தாக்கூட வேணாம்னுட்டு ஜனெல் பக்கத்துலயே..." பேச்சு அங்கேயே நின்றது. வெரோனா கையிலிருந்த மாவுப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "அத்தை, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"என்ன தெரியும்?"

மீன் காயவைக்கும் பரண் பக்கத்தில் ஒரு பெண் பொம்மை நிற்கிறது. கமிட்டியிடம் பொம்மை முகம் வாங்கக் காசில்லை. ஜனெல் தன் முகத்திலேயே சாந்து பூசி அச்செடுத்து வார்த்துக்கொண்டாள். கையும் அவள் கைதான். வெரோனா இதைச் சொல்லி முடிப்பதற்குள் டோர்கஸுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு குளிர்காலத்தில் புருவமெல்லாம் வெள்ளைச் சாந்து ஒட்டிக்கொண்டு ஜனெல் வீட்டுக்கு வந்தாள். "என்னடி கோலம் இது, தலையைக் கழுவாம மேசையில உக்காராதே," என்று இவள் விரட்டினாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஹெட்லி தொட்டியில் மீன் அரிந்துகொண்டிருந்தான்.

"செவ்வாய்க்கிழமை தோறும் வின்ஸோட படகுக்கு இஞ்சின் பார்க்கப் போறியே, இப்ப எப்படி ஓடுது?"

"ஓடுது."

"அந்த இஞ்சினுக்கு என் பொண்ணு முகமாமே."

கத்தி நின்றது. அவன் திரும்பவில்லை. "யாரு சொன்னது?"

"யாரு சொன்னா என்ன. நீ ஏன்யா சொல்லலை?"

"இந்த வீட்டுல அந்தப் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

அது உண்மைதான். அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் அதிகமானது. பெட்டியில் இருந்தவளையும் காட்டவில்லை, கொட்டகையில் நிற்பவளையும் தனியாகவே வைத்துக்கொண்டான். "நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போறே," என்றாள்.

மறுநாள் அவள் கோயிலுக்குப் போகும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தாள்.

"கருவாட்டுக் கொட்டகைக்கு இந்தக் கோட்டா?" என்றான் ஹெட்லி.

"பிள்ளையைப் பார்க்கப் போறேன். பழசுல போவேனா?"

அவன் வண்டியை மெதுவாகவே ஓட்டினான். நர்ஸம்மா வீடு வந்ததும் தானாகவே நிறுத்தினான். "இதுவும் அவ செஞ்சதுதான். பார்த்துட்டுப் போவோம்." நேரம் கடத்துகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் இறங்கினாள். அவளுக்கும் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

உள்ளே இரும்புக் கட்டில், மருந்துக் குப்பிகள், நாய் வண்டியில் போகும் நர்ஸம்மாவின் படம். கண்ணாடிப் பெட்டியில் பல் பிடுங்கும் குறடு ஒன்று கிடந்தது. அதன் கீழே அட்டை: 'இந்தக் குறடால் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் பலர் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களைச் சிரிக்கச் சொல்லாதீர்கள்.'

டோர்கஸ் சத்தமாகச் சிரித்துவிட்டாள். டிக்கெட் கொடுத்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். பெயர் போடாத அட்டைதான். ஆனால் இது யார் வாய் என்று டோர்கஸுக்கா தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து இதே வாய்க்காக எத்தனை தடவை கூப்பிட்டு விட்டிருக்கிறார்கள். சிரிப்பு அடங்கும் முன்பே வேறொன்றாக மாறியது. அவள் இரும்புக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹெட்லி பக்கத்தில் வந்து நின்றான், தொடவில்லை.

கலங்கரை விளக்கம் பூட்டியிருந்தது. பாறை மேல் காற்று நிற்கவிடவில்லை. காரிலேயே உட்கார்ந்து முட்டை வைத்த ரொட்டியைத் தின்றார்கள். கீழே அலை பாறையில் மோதி, கண்ணாடியில் உப்பாகப் படிந்துகொண்டிருந்தது.

"என்னைவிட அவமேல உனக்குத்தான் பாசம் அதிகம்னு நினைப்பு உனக்கு," என்றாள் அவள்.

"அப்படி இல்லை."

"பின்னே?"

அவன் ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளிக் கடற்காக்கைக்கு வீசினான். "வா, போவோம்," என்றான்.

லாங் டிக்கிளில் வெரோனா வாசலிலேயே நின்றாள். இவர்களைப் பார்த்ததும் உள்ளே இருந்த வெளியூர்க்காரத் தம்பதியைப் பேசிப் பேசி ஜாம் விற்கும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கொட்டகைக்குள் உப்பும் தாரும் மணத்தன. எதிரே பரண். அதன் மேல் விரித்த கருவாடு. பக்கத்தில் வெள்ளை முக்காடு போட்ட பெண் லேசாகக் குனிந்து, ஒரு மீனைத் திருப்பிப் போடப் போகிறவள்போல் நின்றாள்.

டோர்கஸ் நேராகப் போய் முகத்தைப் பார்த்தாள். நெற்றி ஜனெலுடையதுதான். மூக்கு அவளுடையதுதான், ஹெட்லியின் அம்மா வழி மூக்கு. ஆனால் வர்ணம் அடிக்கக் கமிட்டி பிடித்த ஆள் கண்ணை நீலமாக்கியிருந்தான். ஜனெலின் கண் பழுப்பு. வாய் இறுக்கமாக மூடியிருந்தது. சாந்து உள்ளே போய்விடாமல் இருக்க மூடியிருப்பாள். அந்த வாயை மூடி டோர்கஸ் பார்த்ததே இல்லை. தூங்கும்போதுகூடப் பாதி திறந்துதான் இருக்கும்.

எவ்வளவு நேரம் பார்த்தாளோ, திடீரென்று அவளுக்குப் பயம் வந்தது. உண்மையான முகவாய் எப்படி இருந்தது? இப்படித்தான் இருந்ததா, இன்னும் கொஞ்சம் கூராகவா? கண்ணை மூடி யோசித்தாள். மூடிய கண்ணுக்குள்ளும் இந்தப் பொம்மைதான் வந்தது.

"வெரோனா," என்று கூப்பிட்டாள். வெரோனா ஓடி வந்தாள். "இதை எடுத்துடு. வேற யாரு முகத்தையாவது வை. இது என் பிள்ளை இல்லை."

"அத்தை, கமிட்டில கேட்டுத்தான்..."

"கமிட்டியை நான் பார்த்துக்கிறேன். அவ கடைசியா கூட்டத்துக்கு வந்துட்டுத் திரும்பினாளே, அந்தக் கமிட்டிதானே."

வெரோனா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது ஹெட்லி பேசினான்.

"எடுக்க வேணாம் டோர்கஸ்."

"ஏன் வேணாம்? கண்ணு அவ கண்ணா? வாய் அவ வாயா? எதைப் பார்த்துட்டு வாராவாரம் உக்கார்ந்திருக்கே நீ?"

"எனக்கு இது வேணும்."

"எதுக்குய்யா?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான். வெரோனா சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள்.

"ஆஸ்பத்திரியில துணியை விலக்கினாங்க," என்றான். "இது உங்க பொண்ணுதானான்னு கேட்டாங்க. என்னால சொல்ல முடியலை. கையைப் பார்த்துத்தான் ஆமான்னு சொன்னேன்." நிறுத்தினான். "அதுக்கப்புறம் ஜனெல்னு நினைச்சாலே அதுதான் வருது. சின்னப் பிள்ளையில அவ நடந்தது, ஓடினது, எதை நினைச்சாலும் மேல அதுதான் இருக்கு. இங்க வந்து இதைப் பார்த்துட்டுப் போனா ரெண்டு மூணு நாளைக்கு இந்த மூஞ்சி வருது. நீலக் கண்ணா இருந்தா என்ன. முழுசா இருக்கு."

டோர்கஸ் திரும்பிப் பொம்மையின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ பார்க்கக் கூடாதுன்னுதான் மூடச் சொன்னேன். உனக்காவது அவ அப்படியே இருக்கட்டும்னு."

இத்தனை காலம் அவன் தன்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவன் பிடுங்கி வைத்துக்கொண்டது எதை என்பது இப்போதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் அந்தப் பேச்சு அவர்களுக்குள் பழக்கமில்லை. அவன் கையிலிருந்த தொப்பியை வாங்கி, சுருக்கத்தை நீவி, அவன் தலையிலேயே வைத்தாள்.

பிறகு பொம்மையின் கையைப் பார்த்தாள். இடது கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. ஆறு வயதில் வண்டிக் கதவில் நசுங்கிய விரல். வர்ணம் அடித்தவன் அதை மாற்றவில்லை. நகத்தைக் கடித்துக் குட்டையாக்கி வைத்திருந்ததுகூட அப்படியே இருந்தது. அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். குளிர்ந்து கிடந்தது.

"இருக்கட்டும்," என்றாள். "ஆனா கண்ணைப் பழுப்பாக்கச் சொல்லு."

வெரோனா அந்த வாரமே வர்ணம் வாங்கி வந்து தானே அடித்தாள். ஒரு கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் டோர்கஸும் கூடப் போனாள். பல நாள் உள்ளே வராமல் வெரோனாவுடன் ஜாம் அறையில் உட்கார்ந்திருந்தாள். ஹெட்லி வெளியே வந்து காரில் ஏறியதும், அவள் எதையாவது சொல்லிக்கொண்டு வருவாள். ஜனெல் கேப்ளின் மீனைக் காற்சட்டைப் பையில் போட்டு மறந்தது, பாட்டுப் போட்டியில் பாட்டு மறந்து வாத்தியாரைப் பற்றிப் பாடினது. அவன் சாலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே ஓட்டுவான். சில நாள் சிரிப்பான். சில நாள், "போதும், இன்னைக்கு வேணாம்," என்பான். அப்படிப்பட்ட நாளில் அவனுக்கு எது தெரிகிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு வருவாள்.

அக்டோபரில் மியூசியத்தைக் குளிர்காலத்துக்கு மூடும் நாள் வந்தது. வெரோனா பழைய படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தூசி படியாமல், பனிக்கசிவு படாமல் எல்லாப் பொம்மைகளையும் மூடி வைப்பது வழக்கம். மீனவனை மூடினாள், பீப்பாய் செய்கிறவனை மூடினாள். அடுத்த விரிப்பை உதறியதும் ஹெட்லியின் முகம் வெளுத்தது. கதவைப் பார்த்து நடந்தான், படியில் தடுக்கி விழப்போனான், வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான்.

வெரோனா விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். "அத்தை, நான் மூடாம விட்டுடறேன்."

"மூடாம விட்டா ஈரம் ஏறி முகம் உரிஞ்சுடும்," என்றாள் டோர்கஸ். "குடு இங்க. நீ வெளிய போயி அந்த மனுஷனுக்கு ஒரு டீ குடு."

தனியாக நின்றாள். விரிப்பில் ஊதாப்பூ போட்டிருந்தது, ஓரம் கிழிந்திருந்தது. முக்காடு விலகியிருந்த இடத்தைச் சரி செய்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த சிலந்தி நூலை எச்சில் தொட்ட விரலால் துடைத்தாள். பெற்றவள் செய்ய வேண்டியதை அன்றைக்கு யாரும் அவளைச் செய்யவிடவில்லை. அவள் தலையை வாரவில்லை, நெற்றியில் முத்தம் வைக்கவில்லை, துணியை இழுத்து மூடவில்லை. இது சாந்தும் வர்ணமும்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நெற்றியில் வாயை வைத்தாள்.

"தூங்குடா," என்றாள்.

விரிப்பைத் தலைவழியாகப் போட்டு, காற்றுக்கு விலகாமல் பீப்பாயில் மீனை அழுத்தும் கல்லைக் கீழே வைத்து அழுத்தினாள்.

காரில் ஹெட்லி டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். "மூடியாச்சா?" என்று கேட்டான்.

"ஆச்சு."

"நீயா மூடினே?"

"நான்தான்."

அவன் டீக் கோப்பையை வெரோனாவிடம் நீட்டப் பார்த்தான். கோப்பை சரிந்து டீ மடியில் கொட்டியது. பிறகு அவன் அழுதான். இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் அவன் அழுதது அதுதான் முதல் தடவை. டோர்கஸ் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவன் மடியைத் துடைத்தாள். வெரோனா கதவைப் பூட்டி, சாவியை இழுத்துப் பார்த்துவிட்டுத் தன் வீட்டை நோக்கி நடந்தாள். துறைக்கு மேலே முதல் பனி விழ ஆரம்பித்திருந்தது. அவன் அழுது முடிக்கும்வரை இருவரும் காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.