நான் சொன்ன மதிப்பெண்

கணினித் திரையில் நானூற்று எண்பது என்று வந்தபோது நூலகத்தின் மூன்றாவது ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. நவம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்காக மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து எழுதிய பயிற்சித் தேர்வு. எண்ணூற்றுக்கு நானூற்று எண்பது. அமெரிக்காவின் வடக்கில், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் டுலூத்தில் அந்த நூலகத்தைக் கப்பல் மாதிரி நீளமாகக் கட்டியிருப்பார்கள். அந்தக் கப்பலோடு அப்படியே ஏரிக்குள் போய்விடலாம் போலிருந்தது எனக்கு. எதிர் மேஜையில், என்னோடு வேலை பார்க்கும் கோரின் தன் கணினியை மூடிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“எனக்கு ஐந்நூத்திப் பத்து. அசிங்கம். உனக்கு?”

“ஐந்நூத்தி அறுபது,” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. முந்தின வாரம் முழுக்க நான்தான் அலுவலகத்தில் பீற்றிக்கொண்டிருந்தேன், பள்ளியில் கணக்கில் நான் எப்படி, கல்லூரியில் எப்படி என்று. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது போய் எப்படி நானூற்று எண்பது என்று சொல்வது? அவள் புருவத்தைத் தூக்கினாள். “பரவால்லையேடா,” என்றாள். அதில் பொறாமை இல்லை, நிஜமான சந்தோஷம் இருந்தது. அதனால்தான் அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

நாங்கள் இருவரும் துறைமுகத்தில் ஒரு தானியக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை பார்த்தோம். மேற்கிலிருந்து கோதுமையோடு வரும் ரயில் பெட்டிகளை எந்த வரிசையில் நிறுத்துவது, எந்தக் கப்பலுக்கு எதை ஏற்றுவது, காற்று எழும்பினால் எதைத் தள்ளிப்போடுவது என்பதெல்லாம் எங்கள் பாடு. எனக்கு இருபத்தொன்பது வயது, மூன்று வருட அனுபவம். கோரினுக்கு முப்பத்து நான்கு, ஒன்பது வருட அனுபவம். ஒரு கப்பல் இரண்டு நாள் தாமதம் என்று தந்தி போல ஒரு வரி வந்தால் போதும். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே நூற்றுப்பத்து பெட்டிகளை மனதுக்குள் நகர்த்திவிடுவாள். அந்தக் கோடையில் மேலாளர் பதவி காலியானபோது அது அவளுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் மினியாபொலிஸ் நகரத்திலிருந்து எம்.பி.ஏ. படித்த ஒருவர் வந்து உட்கார்ந்தார். கோதுமையில் வசந்த கோதுமை, குளிர்கால கோதுமை என்று இரண்டு இருப்பதே அவருக்குக் கோரின் சொல்லித்தான் தெரிந்தது. அன்று மதியம் சாப்பாட்டு அறையில் அவள் சூப்பைக் கிளறிக்கொண்டே, “நானும் அந்த எம்.பி.ஏ. காகிதத்தை வாங்கிட்டு வரேன். நீயும் வரியா?” என்றாள். கடைக்கு வருகிறாயா என்று கேட்பது போலக் கேட்டாள். வருகிறேன் என்றேன்.

இப்போது நினைத்துப் பார்த்தால் என் வாழ்க்கையில் அந்தக் குளிர்காலம் போல இன்னொன்று வரவில்லை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பயிற்சித் தேர்வு, இடையில் உள்ள சனிக்கிழமைகளில் தவறுகளைத் திருத்துவது. அந்தத் தேர்வில் ஒரு விஷமம் உண்டு. சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாக வரும், தப்பாகச் சொன்னால் சுலபமாக வரும். அதனால் ஒரு சுலபமான கேள்வி வந்தாலே முந்தினது தப்பு என்று அர்த்தம். எதிரில் கோரின் திடீரென்று பெருமூச்சு விட்டால் அவளுக்குச் சுலபமான கேள்வி வந்துவிட்டது என்று எனக்குப் புரியும். முடிந்ததும் மதிப்பெண்ணைச் சொல்லிக்கொள்வோம். பிறகு ஏரிக்கரையில் இருந்த ஒரு சின்ன உணவகத்துக்கு நடந்து போவோம். மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுட்ட ஆப்பிள் பை, ஒரு துண்டு அவளுக்கு, ஒரு துண்டு எனக்கு. தட்டு காலியாகும்வரை யாரும் தேர்வைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அதை அவளே மீறுவாள்.

“அந்த வேலிக் கணக்கு பார்த்தியா? ரெண்டு பேரு சேர்ந்து பெயிண்ட் அடிச்சா எட்டு மணி நேரம். ஒருத்தன் மட்டும் அடிச்சா பன்னெண்டு. அப்ப ரெண்டாவது ஆளு தனியா அடிச்சா?”

“இருபத்து நாலு.”

“இருபத்து நாலு மணி நேரம்டா. ஒரு வேலிக்கு. என்னதான் பண்ணிட்டிருந்தான் அவன்? பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்கான். பாதி நேரம் தூரிகையைக் கீழ வச்சுட்டு வீட்டையே பார்த்துட்டு நின்னிருக்கான்.”

கணக்கில் வரும் எல்லோருக்கும் அவள் இப்படி ஒரு கதை வைத்திருந்தாள். எதிரெதிரே வரும் ரயில்களில் ஒன்றில் காதலி இருப்பாள். கலவையில் தண்ணீர் சேர்ப்பவன் முதலாளியின் மைத்துனனாக இருப்பான். நான் சிரித்துச் சிரித்து காபி மூக்கில் ஏறிய நாட்கள் உண்டு. மதிப்பெண் குறைந்த துக்கம் அந்த மேஜையில் எப்படியோ கரைந்துவிடும். அவளுடைய துக்கத்தைச் சொல்கிறேன். என்னுடையது கரையவில்லை. அதை நான் வெளியே எடுத்ததே இல்லையே.

இரண்டாவது தேர்வில் எனக்கு நானூற்று எழுபது. ஐந்நூற்று எண்பது என்றேன். அவளுக்கு ஐந்நூறு. மூன்றாவதில் எனக்கு ஐந்நூறு, அறுநூற்றுப் பத்து என்றேன். அவளுக்கு ஐந்நூற்று முப்பது. ஒரு பொய்யைச் சொன்னவன் அதே இடத்தில் நிற்கவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. படிப்பவன் முன்னேற வேண்டுமல்லவா? அதனால் ஒவ்வொரு முறையும் இருபது முப்பது கூட்டிச் சொன்னேன். நன்றாகப் படித்து இடைவெளியைச் சரிக்கட்டிவிட்டால் பொய் தானாக உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். அப்படித்தான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

ஜனவரியில் ஏரி உறைந்து கப்பல் போக்குவரத்து நின்றது. அவள் கணவர் ராய்ஸ் இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் ஒன்பது மாதம் தண்ணீரில் இருப்பவர், வீடு திரும்பியதும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். காட்டரிசி போட்டுச் செய்த கோழி சூப்பை எடுக்க அவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது அதன் கதவில் ஒட்டியிருந்த எங்கள் மதிப்பெண் வரைபடத்தைப் பார்த்தேன். நீலக் கோடு, சிவப்புக் கோடு. நீலம் மேலே மேலே போனது. சிவப்பு தரையோடு தவழ்ந்தது.

“நீலம் நீதானாமே?” என்றார் ராய்ஸ். “தினமும் பால் எடுக்கிறப்பல்லாம் உன் மூஞ்சிலதான் முழிக்கிறேன்.”

“அது எனக்குச் சூடு வைக்கத்தான்,” என்றாள் கோரின். “அவன் கூடத்தானே படிக்கிறேன். அதே புத்தகம், அதே மேஜை. அவனுக்கு ஏறுது, எனக்கு ஏறலைன்னா கோளாறு எங்கிட்டத்தானே.”

அன்று நான் சூப் கிண்ணத்தைப் பாதியிலேயே தள்ளி வைத்தேன். ராய்ஸ் உப்பு அதிகமா என்று கேட்டார்.

பிப்ரவரியில் ஐந்தாவது தேர்வு. எனக்கு ஐந்நூற்று இருபது. அறுநூற்று ஐம்பது என்றேன். அவளுக்கு ஐந்நூற்று நாற்பது. அதுவரை அவள் எடுத்ததில் அதுதான் அதிகம். ஆனால் அவள் அதைப் பார்த்துவிட்டுக் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பைக்குள் போட்டாள். உணவகத்தில் ஆப்பிள் பையைத் தொடவில்லை. “நான் நிறுத்திக்கறேன் வாரன்,” என்றாள். “மூணு மாசத்துல முப்பது மார்க். இதுக்குன்னு ஒரு மூளை இருக்கு. உங்கிட்ட இருக்கு, எங்கிட்ட இல்ல. ஒண்ணும் குடி முழுகிடலை.”

அந்த நிமிடத்தைப் பற்றிப் பதினைந்து வருடம் யோசித்திருக்கிறேன். மேஜையில் உப்பு ஜாடி இருந்தது, சிரப் ஜாடி இருந்தது, அவள் கையுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அதைச் சொன்னால் அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்று பட்டது. “இன்னும் ஒரு தேர்வு எழுதிப் பாரேன்,” என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். வெளியே வந்ததும் தன் புத்தகங்களையும் தவறுகள் எழுதிய நோட்டையும் என் கார் இருக்கையில் வைத்தாள்.

அந்த நோட்டுதான் என்னைக் கரையேற்றியது. ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் ஏன் தப்பு வந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தாள். ‘கேள்வியை முழுசாப் படிக்கலை.’ ‘பயத்துல பெருக்கிட்டேன்.’ ‘இது தெரியும், ஆனா நம்பலை.’ அவள் தவறுகளில் பாதி என்னுடையவையும்தான். ஆனால் நான் ஒருநாளும் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. பொய்யைத் தயாரிப்பதிலேயே என் மும்முரமெல்லாம் போய்விட்டது. ஏப்ரலில் உண்மையான தேர்வை எழுதினேன். அறுநூற்றுப் பத்து. பயிற்சியில் நான் அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. கார் நிறுத்துமிடத்தில் அழுதேன்.

திங்கட்கிழமை கோரினிடம் சொன்னேன். அவள் முகம் வாடியது. எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள்.

“அறுநூத்திப் பத்துதானா? விடுடா. அன்னிக்கு உனக்குப் பதட்டம். நீ அறுநூத்தம்பது ஆளுன்னு எனக்குத் தெரியும்ல. சும்மா மனசுல வச்சுக்காத.”

மதியம் போய் ஆப்பிள் பை வாங்கி வந்தாள், எனக்கு ஆறுதலுக்கு. நான் அதைத் தின்றேன்.

அந்த மதிப்பெண்ணிலேயே மினியாபொலிஸில் எனக்கு இடம் கிடைத்தது. படித்தேன், அங்கேயே வேலை, கல்யாணம், வீடு. கிறிஸ்துமஸுக்குக் கோரினிடமிருந்து அட்டை வரும். நானும் அனுப்புவேன். சனிக்கிழமை காலைகளில் சில சமயம் காரணமில்லாமல் அந்த நூலகத்தைச் சூடாக்கும் வெப்பக்குழாயின் வாசனை ஞாபகம் வரும். அவள் பெருமூச்சும் கூடவே வரும், அந்த வேலி பெயிண்ட்காரனும் வருவான். நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்களும் வெட்கப்பட வேண்டிய நாட்களும் ஒன்றாகவே போய்விட்டன. ஒன்றை மட்டும் தனியாக எடுத்து நினைக்க முடிவதில்லை.

போன அக்டோபரில் ஒரு கூட்டத்துக்காக டுலூத் போனேன். வேலை முடிந்த மதியம் கோரினும் நானும், ஏரியிலிருந்து துறைமுகத்துக்குள் கப்பல்கள் வரும் கால்வாயின் கரையில் நடந்தோம். முடி பாதி நரைத்திருந்தது, நடை மட்டும் அதே வேகம். அந்த மினியாபொலிஸ் மேலாளருக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் வந்து போய்விட்டார்களாம். மூவருக்கும் அவள்தான் வேலை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

“ஆபீஸ்ல டெஸ்ஸான்னு ஒரு பொண்ணு. நல்ல சூட்டிகை. அவளும் இப்ப நம்ம மாதிரி கிளம்பியிருக்கா. பயிற்சித் தேர்வுல ஐந்நூத்திச் சொச்சம்தான் வருது, அழுவுறா. நான் சொன்னேன், இந்த மார்க் பொய் சொல்லாதும்மா, மூணு மாசத்துல ஏறலைன்னா விட்டுடணும், என்கூடப் படிச்ச வாரனுக்கு முதல் நாள்லேர்ந்தே எகிறிடுச்சுன்னு. அடுத்த வாரம் தேர்வு. தேர்வுக்குக் கட்டின பணத்தைத் திருப்பி வாங்கிடுன்னு சொல்லியிருக்கேன்.”

நான் நின்றுவிட்டேன். இரண்டு அடி முன்னால் போய்விட்டு அவளும் திரும்பினாள்.

“எகிறலை கோரின்,” என்றேன். “முதல் நாள் எனக்கு நானூத்தி எண்பது.”

அவளுக்குப் புரியவில்லை. நான் மீதியையும் சொன்னேன். நானூற்று எழுபது, ஐந்நூறு, நானூற்றுத் தொண்ணூறு, ஐந்நூற்று இருபது. எல்லாம் வரிசையாக ஞாபகம் இருந்தது. ஏரிக்காற்று அவள் முடியை முகத்தில் அடித்தது, அவள் ஒதுக்கவில்லை. உதடுகள் லேசாக அசைந்தன. என் எண் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவள் தன் எண்ணை வைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

“அஞ்சு தேர்வுலயும் நான்தான் மேல,” என்றாள் கடைசியில்.

“ஆமா.”

“அந்த அறுநூத்திப் பத்து?”

“அதுதான் நான் வாங்கினதுலயே பெருசு. உன் நோட்டை வச்சுப் படிச்சு வாங்கினது.”

“உனக்கு நான் ஆப்பிள் பை வாங்கிக் குடுத்தேன்டா,” என்றாள். குரல் உயரவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். “நான் நல்லாத்தான் இருக்கேன். ராய்ஸ் இருக்கான், வீடு இருக்கு, வேலை எனக்குப் பிடிச்ச வேலை. அதுக்காக நீ செஞ்சது ஒண்ணுமில்லைன்னு ஆயிடாது. இன்னிக்கு உங்கூட எதுவும் பேச வேணாம்னு இருக்கு எனக்கு.”

சரி என்றேன். அவள் நான்கைந்து அடி தள்ளிப் போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். கோட்டுப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, ஒரு பெயரைத் தேடினாள். டெஸ்ஸாவின் பெயராகத்தான் இருக்க வேண்டும். அழுத்தினாள். அப்போதுதான் தூக்குப் பாலத்தின் மணி அடிக்கத் தொடங்கியது. பாலம் அப்படியே கிடையாக மேலே எழும்பியது. துருப்பிடித்த பெரிய தானியக் கப்பலொன்று கால்வாய் வாயில் திரும்பி, கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல எங்களை நெருங்கி வந்து, நீளமாக ஊதியது. பாலம் பதிலுக்கு ஊதியது. கப்பல் மறுபடி ஊதியது. காலடியில் கான்கிரீட் அதிர்ந்தது. கோரின் கைபேசியைக் காதோடு அழுத்தி, மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, “இரும்மா, இரு, வச்சிடாத,” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.