வழக்கில் போட்ட காசு

மகளின் சீதன வீட்டுக்குச் சுவர் எழும்பி எவ்வளவோ காலம். கூரையைத்தான் காணவில்லை. அந்த மொட்டைச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் ஸகியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்தால் அந்த மகள் பஸ்லியாவுக்குக் கலியாணம். ஓடு வாங்க வைத்திருந்த காசையெல்லாம் ஸகியாவின் புருஷன் ஜெமீல் ஒரு வங்கியின் பங்குகளில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தான்.

அதற்கு அவன் சொல்லும் நியாயம் இருக்கிறதே! ஈடு வைத்த சொத்தைக் கோர்ட்டு உத்தரவில்லாமல் வங்கிகள் ஏலம் போடக்கூடாது என்று அரசாங்கம் சட்டத்தை மாற்றியதாம். பங்கு விலை படுத்ததாம். அந்த வங்கி அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டிருக்கிறதாம். வென்றால் விலை இரண்டு மடங்காம்.

"வட்டி பேங்குல காசு போட ஒங்களுக்கு அல்லாட பயமில்லையா?"

"நான் வட்டியிலயா போட்டன்? வழக்குலதானே போட்டிரிக்கன்."

இந்த மனுசனோடு கதைத்து மாளாது என்று அவள் விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜெமீல் மஸ்கட் இனிப்புப் பெட்டியோடு ஓடிவந்தான். "பேங்க் வெண்டுட்டு புள்ள! கூரை வந்த மாதிரித்தான்!"

ஸகியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாவம், சும்மா ஏசிவிட்டோமோ என்றுகூட நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய கூடப்பிறந்த காக்கா இன்ஸாப் படியேறினார். நெல் மில் முதலாளி. வீடு கட்டும் வளவு நிலம் அவர் மருமகள் பஸ்லியாவுக்கென்று வாயால் கொடுத்தது. நமக்குள்ளே என்ன உறுதிப் பத்திரம் என்று எழுதாமலே விட்டிருந்தார்கள்.

"மஸ்கட் எடுங்க மச்சான். நம்மட பேங்க் வழக்கு வெண்டுட்டு."

இன்ஸாப் கை நீட்டவில்லை. "அதச் சொல்லத்தான் நானும் வந்தன். அவனுகளுக்கிட்டதான் மில்ல ஈடு வச்சிரிக்கன். தவணை கட்டல்ல. அந்தச் சட்டத்தாலதான் இவ்வளவு நாளும் தப்பின. இனி ஏலந்தான்." தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மில்லு மட்டுமில்ல தங்கச்சி. இந்த வளவும் அந்த ஈட்டுக்குள்ளதான்."

"யா அல்லாஹ்! குடுத்த வளவையா காக்கா ஈடு வச்சீங்க?"

ஜெமீல்தான் மெல்ல, "பங்கு விலை ஏறுந்தானே..." என்று இழுத்தான்.

ஸகியா மஸ்கட் பெட்டியைத் தூக்கி அவன் கையில் திணித்தாள்.

"இதக் கொண்டுபோய் அந்தப் பேங்குல குடுங்க. நீங்களும் பங்குக்காரன்தானே! ஒங்கட மகள்ர ஊட்ட எப்ப ஏலம் போடப்போறீங்க எண்டு கேட்டுட்டு வாங்க!"