பிள்ளைக்கா

பிள்ளைக்கா என்றுதான் அந்த நர்ஸ் மிஸ்ஸியின் வாய் குவிந்து விரிந்தது, தவமணியின் காதில் அப்படித்தான் விழுந்தது, சிங்கள மிஸ்ஸி தோட்டத்துக்காரிக்காக மெனக்கெட்டுத் தமிழில் கேட்கிறாளே என்று பூரித்துப்போய், இல்லீங்க மிஸ்ஸி, பிள்ளைக்கு இல்லீங்க, எனக்குத்தான் என்று மார்பைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பை இன்று ஆபரேஷன் அறைக்கு வெளியே இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நினைத்தால், தன் கன்னத்தில் தானே ஒன்று போட்டுக்கொள்ளலாம்போல் இருக்கிறது. மிஸ்ஸி அதன்பின் என்னென்னவோ சொன்னாள், எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டிவிட்டு மலைக்கு பஸ் ஏறினாள், பிள்ளையைப் பற்றிக் கேட்டதோடு விட்டுவிட்டார்கள், அப்படியானால் பெரிதாக ஒன்றும் இருக்காது.

மழைக்காலம் முழுக்கக் கொழுந்து பறித்தாள், அந்தச் சொல்லும் கூடவே வந்து, பிள்ளைக்கா, பிள்ளைக்கா என்று அவளைப் பிள்ளைக்காம்பராவில் கொண்டுபோய் விட்டது, வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்து அறை, அங்கே சசி தூளியில் கிடந்து கத்துகிறாள், பால் கட்டி ரவிக்கையெல்லாம் ஈரம், கங்காணியிடம் கெஞ்சிவிட்டு மலையிலிருந்து இறங்கி ஓடுகிறாள் தவமணி, இடது பக்கம்தான் வேண்டும் அந்தக் கழுதைக்கு, வலதைக் கொடுத்தால் ஊரையே கூட்டிவிடுவாள், அந்த இடதில்தான் இப்போது கட்டி. சசி இப்போது வளர்ந்து கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள், அவளிடம் சொல்லவில்லை, லயத்து வரிசை வீடுகளிலும் யாரிடமும் சொல்லவில்லை, தெரிந்தால் தொத்திக்கொள்ளும் என்று குழாயடியில் இவள் குடத்தை ஒதுக்கிவைப்பார்கள், புருஷன் இருந்தால் அவனிடமாவது சொல்லி அழுதிருக்கலாம், அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். தனியாக ஒரு மனுஷி எவ்வளவுதான் வாயை மூடிக்கொண்டு இருப்பாள்.

அக்குளிலும் உருண்டையாக ஒன்று தட்டுப்பட்ட பிறகுதான் திரும்ப வந்தாள், மிஸ்ஸி சத்தம் போட்டாள், அதே வார்த்தை, கிளினிக் பெஞ்சின் மறுகோடியிலிருந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தி நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், ஃபாயிஸா, மாவனல்லைக்காரி, இரண்டு பாஷையும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்னவாம் தங்கச்சி என்றாள். மறுபடியும் பிள்ளைக்கான்னே கேக்கறாங்க அக்கா, எனக்குத்தான்னு எத்தன தடவ சொல்றது என்றாள் இவள். ஃபாயிஸா இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். அவ புள்ளைக்கான்னு கேக்கல்ல, பிளிக்கான்னு செல்றா, சிங்களத்துல புத்துநோய்க்கு அதுதான் பேரு, பயப்பட வாணாம், எனக்கும் வந்த வருத்தம்தான் என்று சொல்லி, தவமணியின் கையைப் பிடித்து முக்காட்டுக்குள் கொண்டுபோய்த் தன் நெஞ்சில் வைத்தாள், ஒரு பக்கம் பலகைபோல் இருந்தது, மறுபக்கம் மூச்சில் ஏறி இறங்கியது, எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு மனுஷச் சூடு, தவமணிக்குக் கையை எடுக்க மனசே வரவில்லை.

டாக்டர் நீளமாகப் பேசினார், ஃபாயிஸா ஒரே வார்த்தையில் சொன்னாள், லேட்டாகிட்டாம். ஏன் லேட்டுன்னு அவர்கிட்ட சொல்லுங்க அக்கா, நான் வேணும்னு வராம இருக்கல, சொல்லுங்க. ஃபாயிஸா சொல்லிப் பார்த்தாள், அந்தச் சிங்களத்துக்கு நடுவே பிளிக்காவும் பிள்ளைக்காவும் மாறி மாறிக் கேட்டன, டாக்டர் புருவத்தைச் சுருக்கினார், அவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டிருக்கும். வெளியே வந்ததும் இருவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, சிரித்துச் சிரித்து, தவமணியின் சிரிப்பு மட்டும் பாதியில் அழுகையாகிவிட்டது.

இப்போது கூப்பிடுகிறார்கள், தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி ஃபாயிஸாவின் கையில் வைக்கிறாள், வாசல்வரைதான் அவள் வரலாம். உள்ளே ஒரே வெளிச்சம், ஒரே குளிர், ஒரு தமிழ்ச் சொல் இல்லை, முகமூடி போட்ட மிஸ்ஸி ஒருத்தி இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தியிடம் ஏதோ சொல்லிக்கொண்டு போகையில் நடுவே அந்தச் சொல் வந்தது. ஆமாங்க மிஸ்ஸி, பிள்ளைக்கு இல்லீங்க, எனக்குத்தான் என்றாள் தவமணி. இந்தத் தடவை தெரிந்தேதான் சொன்னாள், அந்த அறையில் யாருக்கும் அது விளங்கவில்லை.