ஆமைகளின் குடும்பப் பின்னணி

சுவிஸின் பேர்ண் நகரில் வாழும் சகல ஜீவராசிகளுக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில், பழைய மாணவர் சங்கத்தின் முன்னாள் உபதலைவர் திரு. குகநாதன் அவர்களின் இல்லத்தில் தனிமைப்படுத்தல் அமுலுக்கு வந்தது.

வந்திறங்கியவை இரண்டு ஆமைக்குஞ்சுகள். ஒன்று சூரிச் டொக்டர் பாலேந்திரன் கொடுத்தது. மற்றது, லுசேர்ண் ஹோட்டலொன்றில் கோப்பை கழுவும் சயன் கொடுத்தது. தோட்டத்துக் கூட்டில் ஏற்கெனவே முத்து இருந்தது. குகநாதனின் மகள் சிவானுஜா குஞ்சிலிருந்து வளர்க்கும் ஆமை. முத்துவுக்கு ஒன்றும் தொற்றிவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

"ரெண்டையும் தனித்தனிய மூண்டு மாசமாவது வைக்கவேணும் அப்பா. பீயை சோதிச்சுப்போட்டுத்தான் முத்துவோட விடலாம்."

"ஓம் பிள்ளை. சுகாதாரம் எண்டா விளையாட்டில்லை."

அவள் வேலைக்குப் போனதும் குகநாதன் கையுறை மாட்டி, சயனின் ஆமையைக் குளியலறையில் ஒரு பெட்டிக்குள் வைத்தார். கதவில் 'உட்பிரவேசிக்கத் தடை' என்று மூன்று மொழிகளில் ஒட்டினார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, டொக்டரின் ஆமையை இரு கைகளிலும் ஏந்திச் சென்று முத்துவுக்குப் பக்கத்தில் இறக்கினார்.

மாலையில் வந்து பார்த்த சிவானுஜா கத்தினாள். "இதை ஏன் முத்துவோட விட்டனீங்கள்?"

"டொக்டர் வீட்டு ஆமையெல்லோ. தெரிஞ்ச குடும்பம். தகப்பன் அந்தக் காலத்திலயே போஸ்ற் மாஸ்ரர்."

"ஆமையின்ரை தகப்பனோ?"

"பகிடி விடாதை. சயன்ரை ஆக்கள் ஆரெண்டு ஆருக்குத் தெரியும்? ஊரிலை எவடம் எண்டு கேட்டாச் சிரிக்கிறான்."

"அப்ப டொக்டற்றை ஆமைக்கு வந்திறங்கின உடனை நிரந்தரமா இருக்க சி பேர்மிற். மற்றதுக்கு அகதி முகாம்."

முகாம் என்ற சொல் குகநாதனுக்குப் பிடிக்காது. அவரும் அங்கே இருந்தவர்தான். பிறகு கனகாலம் கோப்பையும் கழுவியவர். சங்க மலரில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு நேரே உபதலைவர் பதவியில்தான் தொடங்குகிறது.

சிவானுஜா டொக்டரின் ஆமையைத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். மறுநாள் அவள் படி இறங்கியதும் குகநாதன் அதைத் தோட்டத்தில் விட்டார். அவள் வரும் நேரத்துக்கு அறையில் திருப்பி வைத்தார். அன்றிலிருந்து அதுவே நடைமுறையாயிற்று. டொக்டர் சுகம் விசாரித்தால், பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறோம் என்றா சொல்வது?

சில கிழமைகளில் முத்து சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தது. சிவானுஜா மூன்று ஆமைகளின் பீயையும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள்.

"ரெண்டுக்குப் புழுவாம்," என்றாள் திரும்பி வந்து. "முத்துவுக்கும் இருக்கு."

குகநாதன் எழுந்து நின்றார். அவருக்கு இருந்தபடி பேச வராது. "நான் அண்டைக்கே சொன்னனான்! கதவிடுக்காலை வந்திருக்கும். இதெல்லாம் வளர்ப்பு பிள்ளை, வளர்ப்பு. சயனை இப்பவே கூப்பிட்டுக் கதைக்கிறன்."

"சயன்ரை ஆமை சுத்தமாம்."

குகநாதன் எடுத்த தொலைபேசியைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"நான் மற்றதை அறைக்குள்ளையெல்லோ வைச்சிருந்தனான். நான் இல்லாத நேரம் தோட்டத்திலை விட்டனீங்களோ அப்பா?"

"சில தவிர்க்க முடியாத காரணங்களை முன்னிட்டு..."

புழு டொக்டர் வீட்டிலிருந்து வந்தது.